தசை வலியும் உலர் ஊசியும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

தறியில் ஒரு விழுது அறுந்தால் அங்கத்தினர் அதை உடனே கட்டிவிடுகிறார். மாட்டின் கழுத்தில் நுகத்தடி உராய்ந்து புண்ணானால் விவசாயி அன்றைக்கே மருந்து தேடுகிறார். ஆனால் தம்முடைய தோளிலோ இடுப்பிலோ தசை பிடித்துக்கொண்டு வலித்தால் இருவருமே மாதக் கணக்கில் பொறுத்திருக்கின்றனர். பொறுக்க இயலாத நாள் வந்ததும், யாரோ சொன்ன இடத்துக்குக் கையில் உள்ள பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகின்றனர். இவ்விரண்டு வழக்கமும் நல்லவை அல்ல.

அண்மைக் காலமாக நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் ‘உலர் ஊசி’ என்னும் சிகிச்சையைப் பற்றிப் பேச்சு மிகுந்து வருகிறது. ‘டிரை நீட்லிங்’ என்று பெயர்ப் பலகைகளில் எழுதியிருப்பதை அன்பர்கள் பார்த்திருக்கக்கூடும். அது யாது, எந்த வலிக்கு உதவும், எதற்கு உதவாது, அதனால் நேரக்கூடிய தீங்கு என்ன என்பனவற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நான் மருத்துவன் அல்லன். சங்கங்களின் கணக்கைப் பார்ப்பவன். ஆயினும் இப்பாடத்தை எழுதும் கடமை எனக்கு ஒரு விதத்தில் உண்டு. அது நான் செய்த தவறு ஒன்றிலிருந்து பிறந்த கடமையாகும்.

1. ஒரு தணிக்கைக் குறிப்பு

என் சரகத்தைச் சேர்ந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் கூலிப் பேரேட்டைப் பரிசீலித்துக் கொண்டிருந்தேன். ஓர் அங்கத்தினரின் பக்கத்தில், அவர் நெய்து கொடுத்த சேலைகளின் எண்ணிக்கை மாதந்தோறும் 14, 12, 9, 7 என்று இறங்கிக்கொண்டே வந்திருந்தது. வாங்கிய பாவு முடியாமல் தறியிலேயே நின்றது. சேமிப்பு நிதியிலிருந்து இரு முறை முன்பணமும் பெற்றிருந்தார். அவரை அழைத்து ஒரு வார்த்தை விசாரிக்காமல், ‘அசிரத்தை. மேற்கொண்டு பாவு வழங்குவதை நிறுத்தி வைக்கலாம்’ என்று குறிப்பு எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை சென்றபோது காரியதரிசி என்னை அவருடைய வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஐம்பது வயதைக் கடந்த, முப்பது ஆண்டுக்கு மேல் குழித்தறியில் அமர்ந்த உழைப்பாளி அவர். வலக் கையைத் தலைக்கு மேல் உயர்த்த இயலாமல் சட்டையை இடக் கையால் மாட்டிக்கொண்டு வந்தார். “உட்கார அலுப்பு இல்லை, சார். கயிற்றை இழுக்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது” என்றார்.

நகரத்தில் ஓர் இடத்தில் ஐந்து தடவை ஊசி போட்டுக்கொண்டதாகவும், ஒவ்வொரு தடவையும் ஆறேழு நாள் கை பஞ்சு போல் இருந்ததாகவும், மறுபடியும் தறியில் அமர்ந்து நாள் முழுதும் நெய்ததும் பழைய வலி திரும்பிவிட்டதாகவும் அவர் கூறினார். சேமிப்பு நிதி முன்பணம் முழுதும் அதற்கே செலவாகிவிட்டது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “அந்த ஊசி உண்மையா, பொய்யா, சார்?” என்று என்னைக் கேட்டார். அந்த வீட்டில் நின்றபோது எனக்கு விடை தெரியவில்லை. பின்னர்ப் படித்தும், இயன்முறை மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை அந்தக் கேள்விக்கு விடையாக இங்கே தருகிறேன்.

2. வலி முடிச்சு என்பது யாது?

தசை என்பது நூல் போன்ற மெல்லிய இழைகள் பல சேர்ந்த கட்டு. கழுத்தையும் தோளையும் ஒரே நிலையில் நெடுநேரம் வைத்திருந்தாலும், ஒரே அசைவை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்தாலும், இவ்விழைகளில் சில சுருங்கியவை சுருங்கியவாறே நின்றுவிடுகின்றன. விரலால் தடவினால் முறுக்கேறிய கயிறு போன்ற ஒரு பட்டை தட்டுப்படும். அப்பட்டையில் ஓரிடத்தைத் தொட்டால் “அம்மா!” என்று கத்த வைக்கும் வலி இருக்கும். அந்த இடத்தை ஆங்கில மருத்துவ நூல்கள் ‘டிரிகர் பாயிண்ட்’ என்கின்றன. நாம் வலி முடிச்சு என்போம்.

இம்முடிச்சின் வியப்பான குணம் யாதெனில், அது இருக்கும் இடம் ஒன்று, வலிக்கும் இடம் வேறொன்று. தோள்பட்டை எலும்பின் பின்புறம் படிந்துள்ள தசையில் முடிச்சு விழுந்தால், வலி தோளின் முன்புறத்திலும் கையிலும் தோன்றக்கூடும். தோளுக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள தசையில் விழுந்தால் தலைவலியாக நெற்றிப்பொட்டு வரை ஏறக்கூடும். பிட்டத்தின் ஆழத்தில் உள்ள சிறு தசையில் விழுந்தால், கால் நெடுகிலும் இறங்கி நரம்பு வலி போலவே ஏமாற்றக்கூடும். ஆகவே வலிக்கும் இடத்தில் மட்டும் தைலம் தேய்த்துவிட்டு, “குணமில்லை” என்று சலித்துக்கொள்வதில் பயனில்லை.

இவ்வாறு வலி இடம் மாறித் தோன்றுவதை 1938-ஆம் ஆண்டில் லண்டனில் ஜான் கெல்கிரன் என்னும் மருத்துவர் சோதனை வாயிலாகக் காட்டினார். செறிவான உப்புநீரைத் தசைக்குள் செலுத்தி, எந்தத் தசையில் செலுத்தினால் எங்கே வலி தோன்றுகிறது என்று அவர் குறித்து வைத்தார்.

3. உலர் ஊசி வந்த வரலாறு

அமெரிக்காவில் ஜேனட் டிராவல் என்னும் அம்மையார் வலி முடிச்சுகளைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். முடிச்சுக்குள் ‘புரோக்கெயின்’ போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசி மூலம் செலுத்துவது அவருடைய முறை. அதிபர் கென்னடியின் தீராத முதுகுவலிக்கு 1955 முதல் சிகிச்சை செய்து, 1961-இல் வெள்ளை மாளிகையின் மருத்துவராக அமர்ந்தார். அப்பதவியை வகித்த முதல் பெண்மணி அவரே. டேவிட் சைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூலின் முதற்பகுதி 1983-இல் வெளிவந்தது.

இந்த அம்மையாரைப் பற்றி நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. அவர் நோயாளியின் தசையை மட்டும் பார்த்ததில்லை. நோயாளி உட்காரும் நாற்காலியையும் பார்த்தார். கென்னடியின் ஒரு கால் சற்றே குட்டையாக இருப்பதைக் கண்டு செருப்பின் அடியை உயர்த்தச் செய்தார். அமர்வதற்கு ஆடும் நாற்காலியைப் பரிந்துரைத்தார். ஊசியும் மருந்தும் கைவசம் வைத்திருந்தவரே இருக்கையைத் திருத்தாமல் விடவில்லை என்பதை இப்பாடத்தின் முடிவு வரை மறவாதிருப்போம்.

முடிச்சில் செலுத்தும் மருந்து குணம் தருகிறதா, ஊசி குத்துவதே குணம் தருகிறதா என்னும் ஐயத்தை, செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரில் கரெல் லூயிட் என்னும் மருத்துவர் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். மருந்தே இல்லாத ஊசியைச் சரியான இடத்தில் செலுத்தினாலும் வலி தணிகிறது என்று அவர் எழுதினார். மருந்து இல்லாமையால்தான் இதற்கு ‘உலர்’ ஊசி என்று பெயர்.

கனடாவின் வான்கூவர் நகரில் சான் கன் என்னும் மருத்துவர், வேலையில் காயமுற்ற தொழிலாளர்களிடையே இம்முறையைக் கையாண்டார். நாட்பட்ட இடுப்பு வலியுடைய 56 ஆண்களை அவர் இரு பிரிவாகப் பிரித்தார். வழக்கமான சிகிச்சையுடன் ஊசியும் பெற்ற 29 பேரில் 18 பேர் தம் பழைய வேலைக்கோ அதற்குச் சமமான வேலைக்கோ திரும்பினர். ஊசி பெறாத 27 பேரில் அவ்வாறு திரும்பியவர் 4 பேரே. இம்முடிவு 1980-இல் வெளியாயிற்று.

இது சீன நாட்டு அக்குபஞ்சர் முறையன்று. இரண்டிலும் ஊசி ஒன்றே போல் மெல்லியது. ஆனால் அக்குபஞ்சர் உடலில் ஓடும் உயிராற்றல் தடங்கள் என்னும் கொள்கையைப் பின்பற்றிப் புள்ளிகளைத் தேர்கிறது. உலர் ஊசியோ தசை, நரம்பு ஆகியவற்றின் அமைப்பைப் பார்த்து, விரலுக்குத் தட்டுப்படும் முடிச்சையே குறி வைக்கிறது.

4. ஊசி செய்யும் வேலை

இந்த ஊசி நமக்குத் தெரிந்த மருந்தூசியைப் போல் நடுவில் துளை உடையதன்று. கெட்டியான மெல்லிய கம்பி. பெரும்பாலும் 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் கனமே இருக்கும். தையல் ஊசியினும் மெல்லியது. சிகிச்சை செய்பவர் முடிச்சை இரு விரலுக்கிடையே பிடித்துக்கொண்டு ஊசியைச் செலுத்துகிறார். குறி சரியாக இருப்பின், அத்தசை மீன் துள்ளுவது போல் ஒரு கணம் தானே துள்ளும். அதன்பின் இறுக்கம் தளர்வதைப் பலர் உணர்கின்றனர்.

இது ஏன் நிகழ்கிறது என்பதற்கு ஆராய்ச்சியாளர் கூறும் விளக்கம் பின்வருமாறு. சுருங்கியே நிற்கும் இழைகள் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை நெருக்குகின்றன. பிராணவாயு குறைகிறது, அவ்விடம் புளிப்புத் தன்மை அடைகிறது, வலியைத் தூண்டும் பொருள்கள் தேங்குகின்றன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்தில் ஜெய் ஷா என்பவரும் உடனுழைத்தோரும் மிக நுண்ணிய குழாய் ஊசி கொண்டு முடிச்சிலிருந்து நீரை எடுத்துச் சோதித்து, இத்தகைய பொருள்கள் வலிக்கும் முடிச்சில் மிகுந்திருப்பதை 2005-இல் வெளியிட்டனர். தசை துள்ளிய பின் அவற்றில் சில குறைந்ததையும் கண்டனர். ஆனால் அவர்கள் சோதித்தவர் 9 பேரே. 2015-இல் வேறு சில அறிஞர்கள், வலி முடிச்சு என்னும் கொள்கைக்கே போதிய சான்று இல்லை என்று வாதிட்டனர். ஆகவே இவ்விளக்கத்தை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், ஆராய்ச்சியில் உள்ள கருத்தாகக் கொள்வதே முறை.

5. பலனைக் கணக்குப் பார்ப்போம்

மேலே சொன்ன லூயிட்டின் கட்டுரையை ஒரு பேரேட்டைப் போல் வாசித்துப் பார்த்தேன். அவர் 241 நோயாளிகளிடம் 312 வலியிடங்களில் ஊசி செலுத்தினார். உடனடியாக வலி நீங்கியவை நூற்றுக்கு 86.8. இவ்வளவைத்தான் விளம்பரம் செய்வோர் சொல்வார்கள். ஆனால் அடுத்த வரியையும் நாம் படிக்க வேண்டும். தொடர்ந்து கவனித்த 288 இடங்களில் நிலையாகக் குணமானவை 92. சில மாதம் தணிந்தவை 58. சில வாரம் தணிந்தவை 63. சில நாள் மட்டும் தணிந்தவை 32. மீதமுள்ள 43 இடங்கள் இந்தக் கணக்கில் எதிலும் சேரவில்லை. மேலும், ஊசி போடாத மற்றொரு கூட்டத்தாரை ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுத்த கணக்கு இது.

நம் நெசவாளரின் ஆறேழு நாள் சுகம் எந்த வரியில் சேர்கிறது என்பது இப்போது விளங்கும்.

2017-இல் 13 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று, இயன்முறை மருத்துவர் செய்யும் உலர் ஊசி, பன்னிரண்டு வாரம் வரையிலான காலத்தில், சிகிச்சையே இல்லாமையைவிடவும் பொய் ஊசியைவிடவும் வலியைக் குறைக்கிறது என்று கூறியது. ஆனால் அச்சான்றுகளின் தரம் மிகக் குறைவானது முதல் நடுத்தரமானது வரையே என்றும், நீண்ட காலப் பலனுக்குச் சான்று போதாது என்றும் அக்கட்டுரையே ஒப்புக்கொண்டது.

ஆகவே ஊசி பொய்யன்று. ஆனால் அது தருவது முழு விடுதலையுமன்று, ஒரு தவணை. கூட்டுறவு மொழியில் சொன்னால், அது குறுகிய காலக் கடன். குறுகிய காலக் கடனை விதைக்கும் உரத்துக்கும் செலவிட்டவர் அறுவடையில் அடைத்துவிடுகிறார். அதையே விருந்துக்குச் செலவிட்டவர் அடுத்த கடனுக்கு வந்து நிற்கிறார். வலி தணிந்த அந்த ஆறேழு நாளில் உட்காரும் முறையைத் திருத்தித் தசைக்குப் பயிற்சி கொடுத்தவருக்கு ஊசி பயன்படுகிறது. அந்நாட்களில் பாக்கி நெசவையெல்லாம் சேர்த்து நெய்தவருக்கு வலி திரும்புகிறது, செலவும் திரும்புகிறது.

6. நரம்பு வலி வேறு

தசை வலியையும் நரம்பு வலியையும் பிரித்தறிவது மிகவும் அவசியம். மேற்சொன்ன அங்கத்தினரின் மனைவியார் தார் சுற்றுபவர். கணவருக்குப் போட்ட ஊசியையே தமக்கும் போட்டுக்கொள்ள எண்ணியிருந்தார். அவருக்கு வலக் கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போகும். தூக்கம் கலைந்து கையை உதறினால்தான் உணர்வு வரும். இவை மணிக்கட்டில் உள்ள குறுகிய வழியில் நரம்பு நெருக்குண்டதற்கான அடையாளங்கள். நீரிழிவு, தைராய்டுக் குறை ஆகியவை உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மிகுதி. மருத்துவர் சோதித்தபோது அந்த அம்மாளுக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்தது. தோளில் ஊசி போட்டுக்கொண்டு அவர் மேலும் ஓராண்டு கழித்திருந்தால், சர்க்கரையும் ஓராண்டு மறைந்தே இருந்திருக்கும். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையும் சர்க்கரைக்கு மருந்தும் இப்போது எடுத்துக்கொள்கிறார்.

பின்வரும் அடையாளங்கள் இருந்தால் ஊசி நிலையத்தை நாடாமல் மருத்துவரிடமே செல்ல வேண்டும்:

கை அல்லது கால் நாளுக்கு நாள் பலம் குறைதல்; பிடித்த பொருள் நழுவுதல்.

தொடையிடுக்கும் ஆசனப் பகுதியும் மரத்துப்போதல். சிறுநீர், மலம் கட்டுப்படாமை. இது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத நிலை.

இரு பாதங்களிலும் எரிச்சலும் உணர்ச்சிக் குறைவும். இது நீரிழிவால் வருவதாக இருக்கலாம்.

தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல். இது தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். இன்று முற்றிலும் குணமாகக்கூடிய நோய்.

வலியுடன் காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, ஓய்விலும் தணியாத இரவு வலி.

மார்பில் அழுத்தம், வியர்வை ஆகியவற்றுடன் இடக் கையில் பரவும் வலி. இதைத் தசைப் பிடிப்பு என்று எண்ணி உட்கார்ந்திருத்தல் உயிருக்கு ஆபத்து.

7. தீங்கும் எச்சரிக்கையும்

அயர்லாந்தில் 39 இயன்முறை மருத்துவர்கள் செய்த 7,629 சிகிச்சைகளைக் கணக்கெடுத்து 2014-இல் வெளியிட்டனர். 1,463 சிறு தொல்லைகள் பதிவாயின. தோலடியில் இரத்தம் கன்றுதல், சிறிது இரத்தக் கசிவு, வலி ஆகியவையே அவற்றுள் மிகுதி. பெருந்தீங்கு ஒன்றும் இல்லை. 2020-இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பிலோ, 20,464 சிகிச்சைகளில் 20 பெருந்தீங்குகள் பதிவாயின. அபாயம் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. இக்கணக்குகள் பயிற்சி பெற்றவர் கைகளைப் பற்றியவை என்பதையும் மறக்கலாகாது.

பெருந்தீங்குகளுள் அஞ்ச வேண்டியது நுரையீரலைப் பற்றியது. தோள், மேல்முதுகு, விலா ஆகிய இடங்களில் ஊசி அளவுக்கு மேல் ஆழ்ந்தால் நுரையீரலின் உறையைத் துளைத்துக் காற்று மார்புக்கூட்டில் கசியக்கூடும். நெசவாளருக்கு வலி வருவது பெரும்பாலும் அவ்விடங்களில்தான். ஆகையால் ஊசி போட்ட பின், அன்றோ மறுநாளோ, மூச்சுத் திணறலும் மார்பு வலியும் வறட்டு இருமலும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, ஊசி போட்ட செய்தியையும் சொல்ல வேண்டும்.

இரத்தம் உறையாத நோயுடையவர், இரத்தத்தை இளக்கும் மாத்திரை உட்கொள்பவர், கருவுற்றவர், கட்டுக்கடங்காத நீரிழிவு உடையவர், ஊசி போடும் இடத்தில் புண்ணோ சீழோ உடையவர் ஆகியோர் முன்கூட்டியே அதைச் சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சைக்கு இசையும் முன் அங்கத்தினர் தயங்காமல் நான்கு கேள்வி கேட்கலாம். தாங்கள் எந்தப் படிப்பும் பயிற்சியும் பெற்றிருக்கிறீர்கள்? ஊசி புதியதா, உறையை என் கண்முன் பிரிப்பீர்களா? எத்தனை தடவை தேவை, மொத்தச் செலவு எவ்வளவு? மூன்று தடவையில் பலன் காணாவிடில் என்ன செய்வீர்கள்? ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றொருவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் பரவக்கூடும். ஆகவே இரண்டாவது கேள்வியைக் கேட்பது மரியாதைக் குறைவன்று; நம் உரிமை.

8. தறியையும் வயலையும் திருத்துதல்

காரியதரிசியின் முயற்சியால் நம் அங்கத்தினர் அரசு மருத்துவமனை ஒன்றின் இயன்முறைப் பிரிவுக்குச் சென்றார். அங்கிருந்த இயன்முறை மருத்துவர் ஊசிப் பேச்சை எடுக்கும் முன், ஒரு முக்காலியைக் காட்டி, “தறியில் எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்காருங்கள், ஐயா; கயிற்றை எப்படி இழுப்பீர்களோ இழுங்கள்” என்றார். காரணம் அங்கேயே வெளிப்பட்டது. உட்காரும் பலகை பல ஆண்டு தேய்ந்து தாழ்ந்திருந்தது. நாடாவை ஓட்டும் கயிற்றின் பிடியோ உயரத்தில் தொங்கிற்று. ஆகவே ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் காதை நோக்கி உயர்ந்தது. நாளுக்குப் பல்லாயிரம் முறை உயர்ந்த தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

பலகையை நான்கு விரல் உயர்த்தி, முன்புறம் சற்றே சரிவாக வைத்து, பழைய துணியை மடித்து மெத்தை போட்டார்கள். பிடியைத் தாழ்த்தி, முழங்கை விலாவை ஒட்டியிருக்கும்படி செய்தார்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்று, தோள்பட்டைகளைப் பின்னுக்குத் தள்ளிச் சேர்த்து, பத்து எண்ணும் வரை நிறுத்தும் பயிற்சியைக் கற்பித்தனர். வாசற்படியின் இரு நிலைகளிலும் கைகளை ஊன்றி மார்பை முன்னே நீட்டுவது மற்றொரு பயிற்சி. இவற்றுடன் ஊசி இரண்டே தடவை போடப்பட்டது.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இதுவே பாடம். களைக்கொத்தின் காம்பு குட்டையாக இருந்தால் இடுப்பு வளைந்தே கிடக்கும். நீண்ட காம்பு போட்டுக்கொள்ளலாம். மருந்து தெளிக்கும் கருவியை ஒற்றைத் தோளில் மாட்டாமல் இரு வாரையும் மாட்டி, உடலோடு இறுக்கிக்கொள்ளலாம். பருத்தி எடுப்போர் மடியை நிறைய விடாமல் அடிக்கடி கொட்டிவிடலாம். மூட்டை தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கலாம். இவற்றுக்குச் செலவு மிகவும் குறைவு.

9. சங்கத்தின் கடமை

இவற்றையெல்லாம் தனி அங்கத்தினர் ஒருவரே செய்துகொள்வார் என்று விட்டுவிடலாகாது. சங்கம் என்பது நூல் வழங்கித் துணி வாங்கும் கடை மட்டுமன்று. தறியை ஆய்வு செய்யும்போதே அமரும் பலகையையும் அளந்து பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை மாவட்ட மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரை அழைத்துச் சங்கக் கட்டடத்தில் ஒரு நாள் பரிசோதனை நடத்தலாம். 2021-இல் நம் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோயாளியின் இல்லத்துக்கே சென்று இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் ஓர் அங்கமாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டால் வழி கிடைக்கக்கூடும். சிகிச்சைக்கு முன்பணம் கேட்கும் அங்கத்தினரிடம், “எந்த இடத்தில், யாரிடம், எத்தனை தடவை?” என்று நிர்வாகக் குழு பரிவோடு விசாரித்தால், கடனும் காக்கப்படும், கடன் வாங்கியவரும் காக்கப்படுவார்.

உற்பத்தி குறையும் அங்கத்தினரின் பக்கத்தில் குறிப்பு எழுதும் முன் அவரை நேரில் பார்க்க வேண்டும். இதை மற்றவர்களுக்குச் சொல்லும் முன் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் பேரேட்டைத் திறந்தேன். அவருடைய பக்கத்தில் 11 சேலை பதிவாகியிருந்தது. பழைய 14 இன்னும் எட்டவில்லை, எட்டாமலும் போகலாம். ஆனால் பாவு தறியில் நிற்கவில்லை. முன்பணத்தில் முதல் தவணையும் கட்டியிருந்தார். என் பழைய குறிப்பில் ‘அசிரத்தை’ என்றிருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, ‘தோள் வலி. தறி இருக்கை திருத்தப்பட்டது. பாவு தொடர்ந்து வழங்கலாம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. உங்கள் சங்கத்தில் சென்ற ஆண்டு உற்பத்தி குறைந்த அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்களுள் உடல் வலியால் குறைந்தவர் யார் யார்?

2. வலி முடிச்சு ஓரிடத்தில் இருக்க, வலி வேறிடத்தில் தோன்றுவதற்கு உங்கள் அனுபவத்தில் உதாரணம் உண்டா?

3. உலர் ஊசியைக் குறுகிய காலக் கடனோடு ஒப்பிட்டது பொருந்துமா? எவ்விடத்தில் பொருந்தாது?

4. எந்த அடையாளங்கள் இருந்தால் ஊசி நிலையத்துக்குப் போகாமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

5. இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தறியின் இருக்கையையோ களைக்கொத்தின் காம்பையோ அளந்து பாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த அளவைச் சொல்லுங்கள்.